அவர் ஓட்டினால் மட்டும் திணறிய கார்

பாட்டரி கார்களுக்கென்று எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தனியாக ஒரு ஷெட் போட்டார்கள். அதே மாதத்தில் நான் ஓய்வு பெற்றேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. என் முழங்கால்கள்தான் காரணம். வழியனுப்பு விழா என்று கேக் வெட்டினார்கள், சமோசா கொடுத்தார்கள், கழுத்தை அழுத்துகிற கனத்தில் ஒரு ரோஜா மாலை போட்டார்கள். புது ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஷாலினி என்ற பெண் என் பக்கத்தில் வந்து நின்று, “இத்தன வருஷத்துல உங்களால மறக்கவே முடியாத வண்டி எதுக்கா?” என்று கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. “கிருஷ்ணப்பா வண்டி” என்றேன்.

பழைய ஆட்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். புது ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்குச் சொல்ல நேரம் இருக்கவில்லை. ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். இப்போது வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் பெயர் பிலோமினா. ஒர்க்‌ஷாப்பில் பிலோ அக்கா. கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்து, பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஓசூரில் ஒரு ஒயரிங் கம்பெனியில் சேர்ந்தேன். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைப் பலகையில் பரப்பி, டேப் சுற்றி, நுனியில் கிளிப் மாட்டிக் கொடுக்கும் வேலை. வரிசை வரிசையாகப் பெண்கள்தான் நிற்போம். எந்த நிற ஒயர் எங்கே போகும் என்பது கனவில்கூட வரும். கம்பெனி வேறு ஊருக்கு இடம் மாறியபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஊரை விட்டுப் போக முடியவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் கார்களுக்குக் காஸ் கிட் பொருத்தித்தரும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஒயரிங் தெரிந்த ஆள் வேண்டுமென்று சொன்னார்கள். போய்க் கேட்டேன். எடுத்துக்கொண்டார்கள். மற்றதை எல்லாம் வேலை செய்தே கற்றேன். கார் ஓட்டவும் அங்கேதான் கற்றேன்.

எங்கள் ஃபோர்மேன் மஞ்சுநாத். அத்திப்பள்ளிக்காரர், வீட்டில் கன்னடம். எங்களோடு பேசும் தமிழில் அங்கங்கே கன்னடம் கலந்து வரும். எல்லோரையும் மரியாதையாகத்தான் கூப்பிடுவார். என்னைப் “பிலோம்மா” என்பார். வேறு ஒர்க்‌ஷாப்புகளில் வண்டி உள்ளே வந்ததும் பானெட்டைத் திறக்க நாலு பேர் ஓடுவார்கள். இவர் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு வருவார். “கூத்கொள்ளி, உக்காருங்க” என்று வண்டிக்காரரை உட்கார வைத்துவிட்டு, தான் எதிரில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எப்போது வருகிறது, எந்த இடத்தில் வருகிறது, வரும்போது யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்பார். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார். அதன் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, டிரைவர் சீட்டில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, அப்புறம்தான் உட்காருவார். பானெட் அதற்கும் பிறகுதான்.

ஒரு டாக்ஸிக்காரர், வண்டியில் பிக்கப்பே இல்லை, ஏழெட்டு இடத்தில் காட்டிவிட்டேன், இஞ்சினையே பிரிக்கச் சொல்கிறார்கள் என்று சண்டைக்கு வருகிற மாதிரி வந்தார். மஞ்சுநாத் சார் கை கழுவினார், துணி விரித்தார், உட்கார்ந்தார். ஆக்சிலேட்டரை மிதித்தார். இறங்கி, குனிந்து, காலடியில் கிடந்த மிதியடியை இழுத்தார். அதற்கு அடியில் இன்னொரு மிதியடி இருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று. பழசை எடுக்காமலே புதிது புதிதாகப் போட்டிருக்கிறார் மனுஷர். ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல் இறங்கவில்லை. நாங்கள் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். மஞ்சுநாத் சார் மட்டும் சிரிக்கவில்லை. மூன்றையும் உதறி, மடித்து, டிக்கியில் வைத்துவிட்டு, “இப்ப ஓட்டிப் பாருங்க” என்றார். வண்டிக்காரர் போன பிறகு எங்களிடம், “அவரு சொன்னது சரிதானே? பிக்கப் இல்லன்னாரு. இல்லதானே?” என்றார்.

அவருக்கு அது ஒரு பிடிவாதம். வண்டிக்காரர் ஒரு குறை சொன்னால் குறை இருக்கிறது. நமக்குத் தெரியவில்லை என்பதற்காக “ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போங்க” என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பிடிவாதத்தை ஒரு வண்டி மாதக்கணக்கில் சோதித்துப் பார்த்தது.

கிருஷ்ணப்பாவுக்குச் சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கொத்தமல்லி, தக்காளி போடுகிற விவசாயி. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவருடைய மனைவி சரோஜம்மாவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அதற்காகவே பெங்களூரில் ஒருவரிடமிருந்து ஒரு பழைய சின்னக் கார் வாங்கியிருந்தார். பெட்ரோலிலும் ஓடும், காஸிலும் ஓடும். மகள் கல்யாணமாகிச் சித்தூர்ப் பக்கம் இருந்தாள். இங்கே இவர்கள் இரண்டு பேர்தான்.

முதல் தடவை வந்தபோது அவர் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை. விளிம்பில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

“மெதுவா போயிட்டே இருக்கறப்ப திடீர்னு மூச்சு முட்டற மாதிரி ஒரு திணறல் சார். தலையெல்லாம் முன்னாடி போயி பின்னாடி வருது. அப்பறம் தானா சரியாயிடுது.”

“காஸ்லயா, பெட்ரோல்லயா?” என்றார் மஞ்சுநாத் சார்.

“காஸ்லதாங்க. பெட்ரோல்ல நான் எங்க ஓட்டறேன்? காலையில எடுத்தா சூடாவற வரைக்கும் பெட்ரோலு, அப்பறம் அதுவே காஸுக்கு மாறிக்குது.”

“யாரு ஓட்டறப்ப வருது?”

“வேற யாருங்க இருக்காங்க? நான்தான்.”

சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். மனைவியை மெஷினில் படுக்க வைத்துவிட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் இருக்க வேண்டும். ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். எந்த வண்டிக்காரரையும் ஒரு சுற்று ஓட்டிக்காட்டச் சொல்வது எங்கள் வழக்கம். ஆஸ்பத்திரி என்று சொன்னவரை யார் நிறுத்தி வைக்க முடியும்?

இரண்டு எரிபொருளில் ஓடும் வண்டி திணறினால் முதல் சந்தேகம் காஸ் மீதுதான் விழும். அவரும் காஸ் என்றே சொன்னார். காஸ் ஃபில்டரைக் கழற்றினோம், அடைத்திருந்தது, மாற்றினோம். திரவமாக வரும் காஸை ஆவியாக்கும் ரெட்யூசரில் எண்ணெய்க் கசடு தேங்கியிருந்தது, வடித்தோம். காஸ் எரியப் பெட்ரோலைவிடப் பலமான பொறி வேண்டும் என்பதால் ஸ்பார்க் பிளக்கையும் அதன் ஒயர்களையும் மாற்றினோம். சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தோம். நான் பேரண்டப்பள்ளி காட்டுப் பக்கம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. மாலையில் வந்து எடுத்துப் போனார்.

சில வாரங்களில் திரும்ப வந்தார். அதே திணறல்.

இந்தத் தடவை பெட்ரோல் பக்கம் பார்த்தோம். காஸிலேயே ஓடுகிற வண்டிகளில் பெட்ரோல் டேங்கில் கிடந்து கெட்டுப்போய், எரிபொருளைப் பீய்ச்சும் இஞ்செக்டரை அடைக்கும். சுத்தம் செய்தோம். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தோம், எந்தக் கோளாறும் பதிவாகவில்லை. நிறுத்திய வண்டியில் ஒவ்வொரு சென்சாராக மீட்டர் வைத்து அளந்தேன். எல்லாம் சரியான அளவு காட்டின. மஞ்சுநாத் சாரும் ஓட்டினார், நானும் ஓட்டினேன், காஸிலும் ஓட்டினோம், பெட்ரோலிலும் ஓட்டினோம். ஒரு விக்கல்கூட இல்லை. வண்டியைக் கொடுக்கும்போது மஞ்சுநாத் சார், “எங்க கையில வரல சார். ஆனா நீங்க சொல்றது இருக்கும். திரும்ப வந்தா ஒடனே கொண்டாங்க” என்றார். கிருஷ்ணப்பா தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் தடவை அவர் வந்த கோலத்தைப் பார்த்து நான் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். முகம் வெளுத்து, சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தது.

“காஸ கழட்டிடுங்க சார். எதுவும் வேணாம். கழட்டிடுங்க.”

மஞ்சுநாத் சார் நாற்காலியைப் போட்டார். இந்த முறை தானும் எதிரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நெடுஞ்சாலையில் நடுத் தடுப்புக்கு இடையில் வண்டிகள் திரும்ப விட்டிருக்கும் இடைவெளியில், முந்தின வாரம் அவர் மெதுவாக நகர்ந்திருக்கிறார். பாதிச் சாலையில் வண்டி திணறி, நின்றேவிட்டது. கிருஷ்ணகிரி பக்கமிருந்து லோடு லாரி. ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வந்து, பக்கத்து வரிசைக்கு ஒடித்து, பின் பம்பரை உரசுகிற மாதிரி போனது. பின் சீட்டில் சரோஜம்மா.

“அன்னிலேர்ந்து அவ வண்டியில ஏற மாட்டேங்கறா” என்றார். “ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேங்கறா. ஒரு நாள் தவறிப்போச்சு. முகமெல்லாம் வீங்கிக் கெடக்குது. கேட்டா, எனக்கு எப்படியும் போற உசுரு, அதுக்காக நீ லாரியில அடிபடணுமான்னு கேக்கறா சார்.”

 துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மஞ்சுநாத் சார் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அடுத்த டயாலிசிஸ் எப்ப?” என்று கேட்டார்.

“நாளைக்குங்க.”

“பிலோம்மா, நம்ம கடை கார எடுத்துக்கோங்க. காலையில சூளகிரி போங்க. அம்மாவ ஏத்திக்கோங்க, ஆஸ்பத்திரியில விடுங்க, முடிஞ்சதும் வீட்டுல விடுங்க. இந்த வண்டி சரியாவற வரைக்கும் அதுதான் உங்க வேலை.” பிறகு கிருஷ்ணப்பாவிடம், “காஸ கழட்டறதப் பத்தி அப்பறம் பேசலாம். மொதல்ல அவங்க போயிட்டு வரட்டும்” என்றார்.

மறுநாள் போனேன். சரோஜம்மா வாசலிலேயே நின்றார். ஒல்லியான உடம்பு, அதில் முகமும் பாதங்களும் மட்டும் வீங்கித் தனியாகத் தெரிந்தன. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீயா ஓட்டற?”

“நான்தாங்கம்மா.”

“பொம்பள ஓட்டி நான் ஏறுனதே இல்ல. நல்லாத்தான் இருக்கும்போல” என்று சிரித்துக்கொண்டே பின் சீட்டில் ஏறினார். கிருஷ்ணப்பா முன்னால் உட்கார்ந்தார். வழி முழுக்க அவருடைய வலது கால் தரையில் ஒரே இடத்தில் ஊன்றியிருந்தது. அதை நான் பார்த்தேன், ஆனால் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் போல ஆனது. வெளியே வந்தபோது சரோஜம்மாவின் இடது முழங்கையில் பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். தாகம் என்றார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் பாட்டிலின் மூடியில் ஊற்றி அந்த ஒரு மூடித் தண்ணீரை மட்டும் வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மேல் குடிக்கக் கூடாதாம்.

கிருஷ்ணப்பா மருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருவதாகச் சொல்லி நின்றுகொண்டதால், திரும்பும்போது நாங்கள் இருவர் மட்டும். எனக்குப் பழக்கமான ஓட்டம்தான். வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கி ஆக்சிலேட்டரை மிதித்தபோது பின்னாலிருந்து, “மெல்லகா, மெல்லகா” என்று குரல் வந்தது. உடனே, “கோச்சுக்காதம்மா, அவருகிட்ட சொல்லிச் சொல்லிப் பழக்கம்” என்று சிரித்தார்.

“வலிக்குதாங்கம்மா?”

“வலியில்ல. பயம்.” கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தார். “ஆரம்பத்துல ஒரு தடவ, நாய் குறுக்க வந்துச்சுன்னு சடார்னு மிதிச்சிட்டாரு. கை முன் சீட்டுல இடிச்சு, ஊசி குத்துன எடத்துல ரத்தம் பீச்சிட்டு வந்துடுச்சு. சீட்டெல்லாம் ரத்தம். அவரு வண்டிய ஓரங்கட்டி, வேட்டியக் கிழிச்சுக் கட்டி, அழுதாரு பாரு... சின்னப் புள்ள மாதிரி. அன்னிலேர்ந்து முட்ட மேல கால் வெக்கற மாதிரிதான் வெப்பாரு. நாப்பதுக்கு மேல போவ மாட்டாரு, கொறையவும் மாட்டாரு. காலு அசையவே அசையாது. நீயெல்லாம் நல்லா தைரியமா மிதிக்கற. நீ ஓட்டுனா அந்த வண்டி எதுக்குத் திணறப் போவுது?”

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

“என்னம்மா ஆச்சு?” என்று பதறினார்.

“ஒண்ணுமில்லீங்கம்மா. நீங்க இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க.”

அவர் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

ஆக்சிலேட்டரை நாம் எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்கு ஒரு சென்சார் உண்டு. த்ராட்டில் சென்சார் என்போம். தீப்பெட்டி அளவுதான். உள்ளே கறுப்பாக ஒரு பூச்சுப் பட்டை, அதன் மேல் ஒரு மெல்லிய தகடு உரசிக்கொண்டே போகும், வரும். கால் போகிற இடமெல்லாம் தகடும் போகும். ஒருவர் வருஷக்கணக்கில், வாரத்தில் மூன்று நாள், போக வர ஒரே அளவில் காலை வைத்தே ஓட்டினால் அந்தத் தகடு எங்கே உரசும்? அந்த ஒரே இடத்தில் உரசும். அங்கே மட்டும் தேயும். தேய்ந்த இடத்தில் தகடு வந்து நிற்கும் அந்த நொடியில், கால் மிதியை விட்டு எடுக்கப்பட்டுவிட்டதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு எரிபொருளை நிறுத்தும். காஸ் கிட்டுக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் உண்டு, அது சொந்தமாக முடிவு எடுக்காது, வண்டியின் கம்ப்யூட்டர் செய்வதையே பின்பற்றும். அதனால் காஸும் நிற்கும். நாங்கள் ஓட்டியபோது எங்கள் கால் அந்த இடத்தைத் தாண்டி ஓடிப்போய்விட்டது. அவர் கால் மட்டும், மெதுவாகத் திரும்பும்போதுகூட, அங்கேயே தங்கியிருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் இதைச் சொன்னதும் மஞ்சுநாத் சார், “நிறுத்தி வெச்சு அளந்தீங்களே, சரியா காட்டுச்சே?” என்றார்.

“நம்பர் மீட்டர் சார். ஒரு நொடி விட்டுப்போனா அதுல தெரியாது. வண்டி அதிர்றப்பதான் தகடு தூக்குதோ என்னமோ.”

அவர் எழுந்து போய் அலமாரியின் மேல் தட்டிலிருந்து பழைய முள் மீட்டர் ஒன்றை எடுத்து வந்தார். தூசியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். “புது சென்சார் போட்டுப் பாத்துடலாம். ஆனா அதுவா இல்லாம போயி, அவங்க திரும்ப ரோட்டு நடுவுல நின்னா? கண்ணால பாத்துட்டுதான் மாத்தணும். சரி அல்வா, சரிதானே?”

சரிதான். ஆனால் பார்ப்பது எப்படி? கிருஷ்ணப்பாவை வரவழைத்து, மீட்டரை மாட்டி, ஒர்க்‌ஷாப் பின்னால் உள்ள தெருவில் ஓட்டச் சொன்னோம். பக்கத்திலும் பின்னாலும் நாங்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷருக்குக் கால் எங்கே ஒழுங்காக நிற்கும்? மிதிக்கிறார், எடுக்கிறார், வியர்க்கிறார். முள் ஆடவே இல்லை. வண்டி அழகாக ஓடியது. அவர் எங்களைப் பார்த்த பார்வையில், தன்னைப் பொய்யன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் தெரிந்தது.

சரோஜம்மாவிடம் போனில் சொன்னேன். “நான் பின்னாடி இல்லாட்டி அவரு அப்படி ஓட்ட மாட்டாரும்மா” என்றார் அவர். “நான் வரேன்.”

மஞ்சுநாத் சார் ஒரேயடியாக மறுத்துவிட்டார். “பேஷண்ட்ட வெச்சு டெஸ்ட் பண்றதா? பேடா, வேண்டவே வேண்டாம்.”

சரோஜம்மா போனை அவரிடம் கொடுக்கச் சொன்னார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மஞ்சுநாத் சார் “ஹௌது அம்மா, ஹௌது” என்று கன்னடத்தில் ஆமாம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, “ஞாயித்துக்கிழம வராங்க. ஹைவே வேண்டாம். தொழிற்பேட்டை ரோட்டுல பாக்கலாம். அன்னிக்கு அங்க லாரி இருக்காது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து கோயில் புடவையோடேயே போனேன். எங்கள் கடைக் காரிலேயே அவர்களை அழைத்து வந்திருந்தார்கள். தொழிற்பேட்டைச் சாலை அகலமாக, காலியாக, நல்ல வெயிலில் கிடந்தது. கிருஷ்ணப்பா வண்டியின் சென்சார் ஒயரிலிருந்து இரண்டு நீள ஒயர்களை எடுத்து, பானெட் இடுக்கு வழியாக ஜன்னலுக்குள் கொண்டுவந்து, மடியில் வைத்த முள் மீட்டரில் மாட்டினேன். கிருஷ்ணப்பா ஸ்டியரிங்கில், பக்கத்தில் நான். பின்னால் சரோஜம்மா, அவர் பக்கத்தில் மஞ்சுநாத் சார். சரோஜம்மாவின் இடது கைக்கும் கதவுக்கும் நடுவில், தன் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த ஒரு தலையணையை சார் வைத்துவிட்டார்.

முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாம் சுற்றிலும் இல்லை. கிருஷ்ணப்பாவின் கழுத்து விறைத்திருந்தது. அப்போது சரோஜம்மா அவரிடம் தெலுங்கில் பேச ஆரம்பித்தார். தக்காளிக்கு மருந்தடித்தாயிற்றா, மகள் போன் செய்தாளா, பக்கத்து வீட்டுக்காரி கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டுக் கொத்தமல்லியை மேயவிட்டாளாமே, அதைக் கேட்டீர்களா என்று. வழக்கமாக ஆஸ்பத்திரி போகும் வழியில் பேசுகிற பேச்சு. கிருஷ்ணப்பா பதில் சொல்ல ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள் இருப்பதை மறந்தார். தோள் இறங்கியது. வண்டி நாற்பதுக்கு வந்து அங்கேயே நின்றது. அவர் காலைப் பார்த்தேன். அசையவில்லை.

மடியில் இருந்த முள் சடாரென்று கீழே விழுந்து மேலே எழுந்தது. அதே நொடியில் வண்டி ஒரு முறை திணறி, நால்வர் தலையும் முன்னால் போய்ப் பின்னால் வந்தது.

“இதேதான்!” என்றார் சரோஜம்மா.

“முள்ளு விழுந்துச்சு சார்!” என்று நான் கத்தினேன்.

இன்னொரு முறையும் விழுந்தது. மறுபடியும். “போதும், போதும்” என்றார் மஞ்சுநாத் சார். “நிறுத்துங்க சார். போதும்.”

கிருஷ்ணப்பா ஒரு மர நிழலில் நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, “நான் பொய் சொல்லலியே சார்” என்றார்.

“உங்களப் போயி யாரு அப்படிச் சொன்னாங்க?” என்றார் மஞ்சுநாத் சார்.

அன்றைக்கே புது சென்சார் மாட்டினோம். பழையதைப் பிரித்தேன். கறுப்புப் பட்டையில் ஓர் இடத்தில் மட்டும் எள் அளவுக்குப் பூச்சு போய் வெளுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி பளபளத்தது. மஞ்சுநாத் சார் அதை வெளிச்சத்தில் பிடித்துக் கிருஷ்ணப்பாவுக்குக் காட்டினார்.

கிருஷ்ணப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது நான் பண்ணுனதா?”

“உங்க கால் இருந்த எடம் சார் அது.”

“அப்ப தப்பு என் பேர்லதான்.”

“தப்பில்ல சார்” என்றார் மஞ்சுநாத் சார்.  சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

சரோஜம்மா அந்தச் சென்சாரைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். அவர் காதில் மட்டும் விழுகிற மாதிரி தெலுங்கில் ஏதோ சொன்னார். கிருஷ்ணப்பாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. என்ன சொன்னார் என்று நான் கேட்டதற்கு, “அது எங்களுக்குள்ள” என்று சரோஜம்மா சிரித்தார்.

அதன் பிறகு பல வருஷம் அந்தக் கார் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது. ஆயில் மாற்ற வரும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு கட்டுக் கொத்தமல்லி வரும். சரோஜம்மா இப்போது இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், மகள் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார். சேதி வந்ததும் மஞ்சுநாத் சாரும் நானும் போயிருந்தோம். சென்சார் மாற்றியதற்குப் பிறகு வண்டியால் அவளுக்கு ஒரு நாளும் ஆஸ்பத்திரி தவறவில்லை என்பதை மட்டும் கிருஷ்ணப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆனால் ஷாலினிக்கு நான் சொல்ல நினைத்தது அந்தச் சென்சாரையோ முள் மீட்டரையோ இல்லை. சரிசெய்த பிறகு அவர்கள் முதல் முறையாக ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய நாளைத்தான்.

அன்று மதியத்துக்கு மேல், வண்டி எங்கள் வாசலில் மெல்ல வந்து நின்றது.  மறுபடியும் திணறிவிட்டதோ என்று மஞ்சுநாத் சாரும் நானும் ஒரே நேரத்தில் வெளியே ஓடினோம். கிருஷ்ணப்பா இஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, உதட்டின் மேல் விரலை வைத்து, பின்னால் கண் காட்டினார்.

பின் சீட்டில் சரோஜம்மா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, கட்டுப் போட்ட கை மடியில் தளர்ந்து கிடந்தது.

“இந்த வண்டியில அவ தூங்குனதே இல்ல சார்” என்று கிசுகிசுத்தார் கிருஷ்ணப்பா. “எப்பவும் ரோட்டயே பாத்துட்டு வருவா. இன்னிக்குக் கண்ணசந்துட்டா. உங்ககிட்ட காட்டலாம்னு வந்தேன்.”

உள்ளே யாரோ இரும்பைக் கிரைண்டரில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சுநாத் சார் திரும்பி இரண்டு கையையும் உயர்த்தினார். கிரைண்டர் நின்றது. பின்னாலேயே சுத்தியல் நின்றது, கம்ப்ரஸர் நின்றது. எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து சத்தமில்லாமல் நின்றார்கள். மஞ்சுநாத் சார் குனிந்து பின் கண்ணாடி வழியாக ஒரு முறை பார்த்தார். பிறகு நிமிர்ந்து, போங்கள் என்று கையைக் காட்டினார்.

கார் நகர்ந்தது. சரோஜம்மாவின் தலை அசையவே இல்லை.